தேன்சிட்டுக் குஞ்சுகளைத் தாய் கைவிட்டுவிட்டதா?

கேள்வி: எங்கள் பால்கனியில் துணி காயப்போடும் கொடியில் தேன்சிட்டு கூடு கட்டி, இரண்டு குஞ்சுகள் பொரித்திருக்கின்றன. குஞ்சுகளுக்கு இப்போது இறகு முளைக்கிறது. மூன்று நாளாகத் தாய் முன்போல உள்ளே உட்காருவதில்லை. வந்த வேகத்தில் பறந்துவிடுகிறது. குஞ்சுகளுக்கு இங்க் ஃபில்லரில் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாமா? அடுத்த வாரம் புறா வலை போட வருபவர், கூட்டைக் கழற்றி மொட்டை மாடியில் கட்டித் தருவதாகச் சொல்கிறார். சம்மதிக்கலாமா?
- வாசகி, கோவை

பதில்: இரண்டுமே வேண்டாம்.

தாய் கைவிடவில்லை. இறகு முளைத்த குஞ்சு தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். அடைகாத்த நாட்களைப் போலத் தாய் உள்ளேயே உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. இரை தேடுவதுதான் இப்போது அதன் முழுநேர வேலை. உங்கள் வீட்டுக் குருவி, வயிறு மஞ்சளாக இருக்கும் ஊதாப்பிட்டத் தேன்சிட்டாக இருந்தால் ஆணும் சேர்ந்து ஊட்டும். சந்தேகம் தீர ஒன்றைக் கவனியுங்கள். கூட்டு வாசலில் தலையை நுழைத்து ஊட்டிவிட்டுத் திரும்பும்போது, சில சமயம் அதன் அலகில் வெள்ளையாக ஓர் உருண்டை இருக்கும். அது குஞ்சின் எச்சம். எச்சம் வருகிறதென்றால் இரையும் போகிறது.

சர்க்கரைத் தண்ணீரைப் பற்றி நான் அலுக்காமல் சொல்லிவருகிறேன். பெரிய தேன்சிட்டு பூந்தேன் குடிக்கும், உண்மைதான். குஞ்சு வளர்வது சிலந்தியாலும் சிறு பூச்சிகளாலும். சர்க்கரையில் தசையோ இறகோ வளராது. அதைவிட ஆபத்து, ஃபில்லரிலிருந்து விழும் ஒரு சொட்டு. குஞ்சின் மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது; சொட்டு அதற்குள் போனால் நுரையீரல்தான். என்னிடம் கொண்டுவரப்படும் குஞ்சுகளில் பல, பாசத்தோடு ஊட்டப்பட்டுச் சாகக் கிடப்பவை. பாலும் கூடாது.

இனி வலைக்காரர். மாடியில் கட்டித் தந்தால் தாய் தேடி வந்துவிடும் என்பார். வராது. தாய் தேடுவது கூடு இருந்த இடத்தை. அங்கே கூடு இல்லையென்றால் சிறிது நேரம் சுற்றிச் சுற்றிக் கத்திவிட்டுப் போய்விடும். அவருக்கு வேலை ஒரே நாளில் முடிய வேண்டும், அவ்வளவுதான். முட்டை பொரிக்க ஏறத்தாழ 15 நாள், குஞ்சு பறக்க 17 நாள். உங்கள் குஞ்சுகளுக்கு இன்னும் பத்து நாள் போதும். அதுவரை தேதியைத் தள்ளிப்போடுங்கள், முன்பணம் தராதீர்கள். கூட்டை விட்டுவிட்டு மற்ற பக்கம் மட்டும் வலை அடிக்கிறேன் என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். தாய் வந்துபோகும் வழி அடைபடும். காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே வகைப்படுத்துகிறது. இதைச் சொன்னால் பேச்சு அடங்கும். குஞ்சை மீட்பதாகச் சொல்லி வந்து, கையில் வைத்து வீடியோ எடுத்துப் போடுகிறவர்களையும் வாசலிலேயே நிறுத்துங்கள்.

கை வைக்க வேண்டிய சந்தர்ப்பம் ஒன்றுதான்: கொடி அறுந்தோ காற்றில் பிய்ந்தோ கூடு கீழே விழுந்தால். அப்போது தயங்காதீர்கள். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. குஞ்சுகளை உள்ளே வைத்து, அதே இடத்தில், அதே உயரத்தில், வாசல் அதே திசையைப் பார்க்கும்படி சணல் கயிற்றால் கட்டுங்கள். அடுத்த ஜன்னலில் கட்டினால் ஆகாது. இரண்டடி தள்ளிக்கூட வேண்டாம். சிலந்தி நூலால் ஒட்டிய கூடு என்பதால் கிழிந்திருக்கும். அப்படியானால் அடியில் துளையிட்ட கொட்டாங்கச்சிக்குள் கூட்டோடு வைத்துத் தொங்கவிடுங்கள். பிறகு அறைக்குள் போய்த் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பாருங்கள். நீங்கள் பால்கனியில் நின்றால் தாய் வராது. இரண்டு மணி நேரம் பார்த்தும் வராவிட்டால் வனத்துறையை அழையுங்கள். அங்கே மாநகராட்சியைக் கேளுங்கள் என்பார்கள், மாநகராட்சியில் கால்நடைத் துறை என்பார்கள். பத்து கிராம் பறவைக்கு யார் பொறுப்பு என்று இத்தனை ஆண்டுகளாகியும் தெளிவாகச் சொல்ல ஆளில்லை என்பது எனக்குத் தீராத கோபம். ஆகவே பறவைகளுக்கு மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரின் எண்ணை இன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாட்களில் கைப்பேசியைக் கூட்டருகே நீட்டாதீர்கள். மிரண்ட குஞ்சு இறக்கை வலுக்கும் முன்பே குதித்துவிடும். துணிகளை அதுவரை வேறு கொடியில் போடுங்கள்.