சோற்றைக் கண்டால் ஓட்டம், பாலைக் கண்டால் ஆட்டம்: குழந்தை நலக் கேள்வி-பதில்

மகளுக்கு ஒன்றேகால் வயது. சோற்றைக் கண்டாலே வாயை மூடிக்கொள்கிறாள். நாளுக்கு நாலைந்து டம்ளர் பசும்பால்தான். பசிக்கு டானிக் கொடுக்கலாமா?

டானிக் வேண்டாம், பாலைக் குறையுங்கள். வயிறு பாலால் நிரம்பிக் கிடந்தால் சோறு எங்கே இறங்கும்? நாளுக்கு 400 முதல் 500 மில்லி போதும், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மற்ற உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதையும் அது குறைக்கும். பாலிலேயே வளரும் பிள்ளைகள் கொழுகொழுவென்று இருப்பார்கள், ஆனால் முகம் வெளுத்திருக்கும். ஹீமோகுளோபின் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பருப்பு சாதம், கீரை, முட்டை கொடுங்கள். அசைவ வீடென்றால் ஈரலும்.

அப்புறம், பிறந்த எடை முதல் வருடத்தில் மூன்று மடங்காகும். இரண்டாம் வருடத்தில் ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். பசி குறைவது இயல்பு. அங்கன்வாடியில் எடை போட்டு, வளர்ச்சி அட்டையில் கோடு மேலே போகிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை இட்லி சாப்பிடுகிறது என்பது நமக்கு எதற்கு?

இரண்டு மாதக் குழந்தைக்கு வசம்பைத் தேனில் உரைத்து நாக்கில் தடவச் சொல்கிறார் மாமியார்.

கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து: அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் குடலில் பெருகி, தசைகளைத் தளரவைக்கும் நஞ்சை உண்டாக்கும். மாமியாரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதை அவரிடமே விடுங்கள், காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடாதவரை.

எட்டு மாதம். வாக்கர் வாங்கலாமா?

வேண்டாம். நடை சீக்கிரம் வராது, படியில் உருண்டு விழுவதுதான் நடக்கும். கனடாவில் 2004இலேயே தடை செய்துவிட்டார்கள். தரையில் விடுங்கள்.

மகனுக்கு இரண்டு வயது முடிந்தது. 'அம்மா' தவிரப் பேச்சில்லை. அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினாராம். போன் காட்டினால்தான் சாப்பிடுகிறான்.

அப்பா கதையை நம்பிக் காத்திருக்காதீர்கள். இந்த வயதில் 'பால் வேணும்' போல இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச வேண்டும். முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள். கூப்பிட்டால் திரும்புகிறானா, விரலால் சுட்டிக் காட்டுகிறானா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். போனை இன்றே நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் ரகளை செய்வான், சரி, செய்யட்டும். ஊட்டும்போது நீங்கள் பேசுங்கள், அவன் பதிலுக்குக் கொஞ்சம் பொறுங்கள். ஆனால் போனை நிறுத்திவிட்டோமே என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே போங்கள்.