கண்ணாடியும் இரண்டு குண்டுகளும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே ஐரோப்பாவில் நடந்த கலைச் சோதனைகளைப் பற்றி எழுதும்போது ஃப்ளோரன்ஸ் ஆன்ரி என்ற புகைப்படக் கலைஞரை உயர்த்திச் சொல்லியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். எங்கு பார்த்தாலும் கண்ணாடி. பழத்துக்குப் பக்கத்தில் ஒன்று, முகத்துக்கு எதிரில் ஒன்று. ஒரு பொருளைப் பல கோணங்களில் உடைத்து ஒரே படத்துக்குள் அடுக்கிய கியூபிச ஓவியர்கள் முன்பே செய்ததைத்தானே இவர் கேமராவில் செய்திருக்கிறார்? இன்று கைபேசியில் சின்னப் பிள்ளைகள்கூட இதைவிடச் சிக்கலாகச் செய்துவிடுவார்கள். இதில் என்ன பரிசோதனை?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

கியூபிசத்தின் வழியாக வந்தவர் என்பது சரிதான். 1893இல் நியூயார்க்கில் பிறந்தவர், முதலில் பியானோ, அப்புறம் ஓவியம். பாரிஸில் ஓவியர் ஃபெர்னான் லெஜேயிடம் படித்தார். 1927இல் ஜெர்மனியின் டெஸ்ஸாவில் இருந்த பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளிக்குப் போனார். அங்கே ஆசிரியராக இருந்த மொஹோலி-நாகியின் வகுப்பும், அவர் மனைவி லூசியா மொஹோலி தந்த ஊக்கமும் சேர்ந்து அவரைப் புகைப்படத்தின் பக்கம் திருப்பின. அடுத்த ஆண்டே தூரிகையை ஒதுக்கிவிட்டார்.

ஆனால் ஓவியர் செய்ததையே செய்தார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓவியர் ஒரு கோப்பையை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, பார்த்ததைக் கலைத்துத் தன் இஷ்டப்படி அடுக்கலாம். கேமராவுக்கு அது முடியாது. ஒரே இடத்தில் நிற்கிறது, எதிரே இருப்பதை மட்டுமே வாங்குகிறது. அப்படியிருக்க, எதையும் வெட்டி ஒட்டாமல் ஒரே படத்துக்குள் இடத்தை உடைக்க முடியுமா? ஆன்ரி கண்ணாடியைக் கையில் எடுத்தது இதற்காகத்தான்.

1928இல் அவர் எடுத்த தன்னுருவப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பலகைகளாலான மேசை. அதன் மறுமுனையில் ஒடுக்கமான, உயரமான கண்ணாடி. அதன் அடியில் பந்துபோன்ற இரண்டு உலோகக் குண்டுகள். பிம்பத்தோடு சேர்ந்து நான்காகத் தெரிகின்றன. கண்ணாடிக்குள் ஆன்ரி, மேசைமேல் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் உடல் நேரடியாகப் படத்தில் எங்குமே இல்லை. பலகைகளின் கோடுகள் கண்ணாடியை நோக்கி ஓடி, அதற்குள்ளும் தொடர்கின்றன. மேசை எங்கே முடிகிறது, பிம்பம் எங்கே தொடங்குகிறது என்று கண் தடுமாறுகிறது. இவ்வளவுக்கும் அங்கே பொய்யாக எதுவுமே இல்லை. எல்லாம் அந்த அறையில் இருந்தவைதான்.

இதை எடுப்பது லேசான வேலையும் அல்ல. ஆள் கண்ணாடியில் தெரிய வேண்டும், கேமரா தெரியக் கூடாது. கேமராவின் உயரமும் கோணமும் கொஞ்சம் பிசகினாலும் படம் போச்சு. இன்னொன்று, பிம்பத்துக்கு ஃபோகஸ் செய்யும்போது கண்ணாடி வரையுள்ள தூரத்தைக் கணக்கில் எடுத்தால் போதாது. கண்ணாடியிலிருந்து ஆள் வரையுள்ள தூரத்தையும் கூட்ட வேண்டும். அருகிலிருக்கும் குண்டும் தொலைவில் தெரியும் முகமும் ஒருசேரத் தெளிவாக வர வேண்டுமென்றால் லென்ஸின் துளையைச் சுருக்க வேண்டும். துளை சுருங்கினால் ஒளி விழ வேண்டிய நேரம் கூடும், அதுவரை அசையாமல் உட்கார வேண்டும். ஒரு ஓவியத்தைப் போலப் படத்தை அமைக்க வேண்டும், கோடும் நிழலும் வெளிச்சமும் தன் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதே அவர் விரும்பியது. அதற்கு அவர் கொடுத்த உழைப்பு இது.

கைபேசியில் எடுத்த பிறகு எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இந்தப் படத்தில் எல்லாத் தீர்மானமும் எடுப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. சிக்கலை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிடுவது நியாயமாகப் படவில்லை. பிற்பாடு அவரும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு காட்சிகளைப் பதிக்கும் இரட்டைப் பதிவு, வெட்டி ஒட்டிய படங்கள் எல்லாம் செய்தார். எனக்கு அவை இந்த அளவுக்குப் பிடிக்கவில்லை.

1929இல் ஸ்டுட்கார்ட்டில் நடந்த ‘ஃபில்ம் உண்ட் ஃபோட்டோ’ (சினிமாவும் புகைப்படமும்) கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. பாரிஸில் ஸ்டுடியோ வைத்து விளம்பரப் படங்கள் எடுத்தார். புகைப்படக் கலைஞர்களான ஜிசெல் ஃப்ராய்ண்டும் லிசெட் மாடலும் அவரிடம் கற்றவர்கள். பிரான்ஸ் நாஜிகளிடம் வீழ்ந்த பிறகு ஃபிலிமும் தாளும் கிடைப்பது அரிதாகிவிட, ஓவியத்துக்கே திரும்பினார். புகைப்படத்தில் அவர் முழுமூச்சாக இயங்கியது பத்துப் பன்னிரண்டு வருடங்கள்தான். அது எனக்குப் பெரிய வருத்தம்.

அந்தப் பழங்களின் படங்களை இன்னொரு முறை பாருங்கள். எது பழம், எது பிம்பம் என்று விரல் வைத்துச் சொல்ல முடிகிறதா என்று எழுதுங்கள்.