முதுமாணி ஆய்வேட்டைச் சுருக்கி ஆய்விதழுக்கு அனுப்பலாமா?

யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துக் கிணற்று நீரில் நைத்திரேற்று (உரத்திலிருந்து நீரில் கலக்கும் உப்பு) பற்றிய உங்கள் முதுமாணி ஆய்வேட்டைச் சுருக்கி ஆய்விதழுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அனுப்பலாம். ஆனால் சுருக்கினால் மட்டும் போதாது, திரும்ப எழுதவேண்டும். ஆய்வேட்டில் தெரிந்ததை எல்லாம் சொல்லியிருப்பீர்கள். கட்டுரைக்கு ஒரு கேள்வி போதும்: வெங்காயத் தோட்டங்களை ஒட்டிய கிணறுகளில் மாரி மழைக்குப் பிறகு என்ன மாற்றம்? இதற்கு உதவாத அட்டவணைகளைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை, சுண்ணாம்புக்கல்லில் தேங்கும் மழைநீரைத்தான் நம்பியிருக்கிறோம். நமக்குப் பழகிய செய்திதான், ஆனால் வெளிநாட்டு மதிப்பாய்வாளருக்கு அதை முதல் பத்தியிலேயே சொல்லவேண்டும்.

இதழைத் தேர்ந்ததும் அதன் ஆசிரியர் வழிகாட்டியை வரிவரியாகப் படியுங்கள். மூன்று நாளில் வெளியிடுகிறோம், பணம் கட்டுங்கள் என்று மின்னஞ்சல் வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பெயர் மறைத்த மதிப்பாய்வு என்றால் முதற்பக்கத்தில் பெயரை அழிப்பது போதாது. வேர்ட் கோப்பின் பண்புகளில் அது இருக்கும், நன்றியுரையும் காட்டிக்கொடுக்கும். தமிழ் இதழென்றால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதை யுனிகோடுக்கு மாற்றி, மேற்கோள்களை ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள்.

சரி, மேற்பார்வையாளரிடம் ஆசிரியர் பெயர் வரிசையை முதலே பேசிவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பவே கூடாது. 'பெருந்திருத்தம் தேவை' என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள், அது நிராகரிப்பு அல்ல. ஒவ்வொரு குறிப்பையும் எடுத்தெழுதி, அதன் கீழே என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில் என்று பதில் எழுதி அனுப்புங்கள்.