ஷாம்பெயின் பாட்டிலில் அந்த இரண்டு எழுத்து

கே: சில ஷாம்பெயின் பாட்டில்களில் ‘ஆர்.எம்.’ என்றும் சிலவற்றில் ‘என்.எம்.’ என்றும் பொடி எழுத்தில் போட்டிருக்கிறதே, என்ன வித்தியாசம்?

ப: ‘ஆர்.எம்.’ என்றால் ரெக்கோல்தான் மானிப்யுலான். தன் தோட்டத்துத் திராட்சையைத் தானே ஒயினாக்கி விற்கும் விவசாயி. வெளியிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் அவர் திராட்சை வாங்கக் கூடாது. ‘என்.எம்.’ நிறுவனங்கள் பல ஊர் விவசாயிகளிடம் வாங்கிக் கலக்கலாம். ஆண்டுதோறும் ஒரே சுவையைக் கொடுப்பது அவர்களின் பலம். ‘சி.எம்.’ கூட்டுறவுச் சங்கம்.

விவசாயியின் பாட்டிலில் அந்த ஊர் மண்ணே பேசும். பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில், அவிஸ், லெ மெனில் ஊர்களின் வெண்சுண்ணாம்பு மண்ணில் விளையும் ஷார்தொனே என்ற வெள்ளைத் திராட்சையில் எலுமிச்சை போன்ற கூர்மை இருக்கும். ரெய்ம்ஸ் மலைப்பக்கம் அம்போனே, பூஸி ஊர்களின் பினோ நுவார் என்ற கருந்திராட்சையின் சுவை கனமாக இருக்கும். மார்ன் பள்ளத்தாக்கின் மூனியே என்ற கருந்திராட்சையில் பழவாசம் முந்தும். அவிஸ்காரரான ஆன்செல்ம் செலோஸ் என்ற ஒயின் விவசாயி, பிரான்சின் இன்னொரு ஒயின் பகுதியான பர்கண்டியில் படித்துவிட்டு வந்து, மகசூலைக் குறைத்து, ஓக் பீப்பாயில் நொதிக்க வைத்தார். அவரைப் பார்த்துத் துணிந்த விவசாயிகள் பலர்.

ஆனால் ‘ஆர்.எம்.’ என்றாலே தரம் என்று நம்பிவிட வேண்டாம். பாட்டிலுக்குள் படியும் ஈஸ்ட் வண்டலை நீக்கிய தேதி பின் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு குறிப்பிடாத ஷாம்பெயினைப் பாட்டிலில் 15 மாதம் வைத்திருந்தால் சட்டத்துக்குப் போதும். அதில் 12 மாதம் ஈஸ்ட் வண்டலோடு இருக்க வேண்டும். நல்ல விவசாயிகள் அதைவிட அதிகமாகவே காத்திருப்பார்கள்.

கே: கேக்கோடு குடித்தோம், வெறும் புளிப்பாக இருந்தது. சரக்கு கெட்டதா?

ப: கெடவில்லை. ‘ப்ரூட்’ வகையில் லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவாகத்தான் சர்க்கரை. நாக்கில் கேக்கின் இனிப்பு ஏறிய பிறகு, மிஞ்சுவது புளிப்பு மட்டும். இனிப்புப் பண்டத்துக்கு 32 முதல் 50 கிராம் உள்ள ‘டெமி செக்’ வாங்குங்கள்; அப்போதும் பண்டம் ஒயினைவிட இனிப்பு குறைந்ததாக இருக்கட்டும்.

ப்ரூட்டுக்கு உப்பும் கொழுப்பும்தான் உறவு. பொரித்த மீன், உருளைக்கிழங்கு வறுவல், ஷாம்பெயின் பகுதியின் ஷாவூர்ஸ் பாலாடைக்கட்டி எல்லாம் அருமையாகப் பொருந்தும். வாயில் படியும் கொழுப்பைப் புளிப்பு கழுவிவிடும். சிப்பிக்குச் சர்க்கரை சேர்க்காத ‘ப்ரூட் நாச்சூர்’. காளானுக்கும் வறுத்த கோழிக்கும் பினோ நுவார் மிகுந்தது. மிளகாய்க் காரத்தோடு மட்டும் வேண்டாம்: மதுவும் குமிழியும் சேர்ந்து எரிச்சலைக் கூட்டும்.

கே: திறந்ததும் பொங்கி வழிகிறது, கண்ணாடிக் குவளையில் ஊற்றினால் குமிழியே இல்லை. ஏன்?

ப: பொங்குவது சூட்டாலும் குலுக்கலாலும். உள்ளே 5–6 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது, கார் டயரைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பாதி ஐஸ், பாதி தண்ணீர் நிரப்பிய வாளியில் அரை மணி நேரம் வைத்தால் 8–10 டிகிரிக்கு வந்துவிடும். கார்க்கைப் பிடித்திருக்கும் கம்பியை ஆறு அரைச்சுற்று அவிழ்க்கும்போது கட்டைவிரல் கார்க்கின் மேலேயே இருக்கட்டும். பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, கார்க்கை இறுகப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். ‘டப்’ என்று வெடிக்க விடாதீர்கள். மெல்லிய பெருமூச்சுபோல் காற்று வெளியேறினால் போதும்.

குமிழி எழாததற்குப் பெரும்பாலும் குவளையில் ஒட்டிய சோப்புதான் காரணம். வெந்நீரில் நன்றாக அலசி, துணியால் துடையுங்கள். துணி விட்டுச்செல்லும் நுண்ணிய இழைகளில்தான் குமிழிகள் பிறக்கும். ஒடுங்கிய நீளக் குவளையில் வாசம் அடைபடும் என்பதால் வெள்ளை ஒயின் குவளையையே எடுங்கள். அரைக்கும் கீழாக, சாய்த்து ஊற்றுங்கள்.