அடுக்கி வைத்தால் வாபி-சாபி வராது: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நாங்கள் டோக்கியோவில் நிஷிகசாயில் வாடகை வீட்டில் இருக்கிறோம். இங்கே வந்ததிலிருந்து எனக்குப் பழம்பொருள் பித்து. அதே ரயில் தடத்தில் மோன்சென்-நகாச்சோவில் இறங்கினால் தொமியோகா ஹாச்சிமான் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கூடும், போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டேன். பழசிலும் குறையிலும் எளிமையிலும் அழகு காண்கிற ஜப்பானிய ரசனை, வாபி-சாபி, அந்தப் பாணியில் வீட்டை அலங்கரிக்க ஆசை. இப்போது ஹாலில் ஒரு தான்சு அலமாரி, அதன்மேல் இரும்புக் கெட்டில், உடைந்ததைப் பொன்பூசி ஒட்டிய கோப்பைகள், மூங்கில் கூடை, மண்ஜாடிகள். சுவரில் ஒட்டுப்போட்ட பழைய நீலத்துணி. ஆனால் படங்களில் பார்க்கிற அமைதி வரவே இல்லை. கணவர் "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழக்காரரைக் கூப்பிடட்டுமா?" என்கிறார். ஜூனில் திருச்சியிலிருந்து அம்மா வருகிறார், வீடியோ காலில் பார்த்துவிட்டு "விரிசல் விட்டதையெல்லாம் வீட்டில் வைக்காதே, ஆகாது" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார். நான் எங்கே தப்பு செய்கிறேன்? இன்னொன்று, சிவப்புப் பூப்போட்ட சின்னப் பருத்தித் துணித்துண்டு ஒன்று வாங்கினேன். இந்தியச் சரசா, 200 வருடப் பழசு என்றார் கடைக்காரர். நம்பலாமா?

வி.

அன்புள்ள வி.,

பொருள்களில் குறையே இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்து நிற்கின்றன, அதுதான் சிக்கல்.

இந்தப் பாணிக்கு மூலபுருஷர் என்று எல்லோரும் கைகாட்டுவது ஜப்பானியத் தேநீர்ச் சடங்கின் ஆசான் சென் நோ ரிக்யூவை (1522–1591). அவர் அமைத்ததாகச் சொல்லப்படும் தைஆன் தேநீர் அறை, கியோத்தோவுக்கும் ஒசாக்காவுக்கும் நடுவே யாமசாகியில், மியோகிஆன் கோயிலில் இன்னும் இருக்கிறது. இரண்டு தாதாமிப் பாய் விரிக்கிற இடம், 4 சதுர மீட்டர்கூட வராது. முன்கூட்டி எழுதிக் கேட்டுத்தான் பார்க்க முடியும், அப்போதும் உள்ளே விடமாட்டார்கள், வெளியே நின்று எட்டிப் பார்க்கலாம். வைக்கோல் துணுக்கு தெரிகிற மண்சுவர், மங்கலான வெளிச்சம், மூலையில் ஓர் அடுப்புக் குழி, பொருள் வைக்க ஒரே ஒரு மாடம். அந்த மாடத்திலும் ஒரு சுருள் ஓவியமோ கொஞ்சம் பூவோ இருக்கும், கூட்டம் இருக்காது. நீங்கள் படத்தில் பார்க்கிற அமைதி முக்கால்வாசி அந்தக் காலி இடம் தருவது.

மற்ற சாமான் எங்கே என்றால், பெட்டியில். கியோத்தோ தைதோகுஜி வளாகத்தில் கோஹோஆன் என்ற கோயிலில் கிசாஎமோன் என்று ஒரு தேநீர்க் கிண்ணம் இருக்கிறது. கொரியாவில் 16ஆம் நூற்றாண்டில் யாரோ ஒரு குயவர் சாதாரணப் புழக்கத்துக்காகச் சக்கரத்தில் வேகவேகமாக இழுத்து எடுத்தது. வட்டம் சரியில்லை. அடிப்பக்கம் மெருகுப்பூச்சு முழுசாக உருகாமல் பொரிப்பொரியாகத் திரண்டு நிற்கும், விரல் வைத்தால் சொரசொரக்கும். இன்று ஜப்பானின் தேசியச் செல்வங்களில் ஒன்று. நாட்டுப்புறக் கைவினைக்காக வாழ்நாளையே கொடுத்த யானாகி சோஎத்சு 1931இல் அதைப் பார்க்கப் போனபோது, பெட்டிக்குள் பெட்டி என்று ஐந்து பெட்டி திறந்து, பட்டுத்துணியை அவிழ்த்துக் காட்டியிருக்கிறார்கள். உள்ளே இருந்தது ஏழைவீட்டுச் சோற்றுக் கிண்ணம் போல ஒன்று! அவர் அதில் கிறங்கியதற்குக் காரணமே, யாரையும் கிறங்கடிக்கும் நினைப்பில்லாமல் அது செய்யப்பட்டது என்பதுதான்.

ஆகவே முதலில் தான்சுவின் மேல்தட்டைத் துடைத்துக் காலி பண்ணுங்கள். அலமாரி என்பது உள்ளே வைப்பதற்குத்தானே. ஒரே ஒரு பொருளை மட்டும் வெளியே எடுங்கள், பருவம் மாறும்போதோ உங்களுக்கு அலுக்கும்போதோ மாற்றுங்கள். விருந்தாளி வரும் நாளைக்கு எதை எதோடு சேர்த்து எடுப்பது என்று முந்தின நாள் யோசிக்கிற சுகம் இருக்கிறதே, தேநீர்க்காரர்களுக்குப் பாதிக் கலை அதுதான். சரி, ஒன்றைத்தான் வைக்கலாம் என்றால் நான் அந்த ஒட்டுப்போட்ட துணியை வைப்பேன். வடக்கே ஆவோமோரி பக்கம் குளிரில் பருத்தி விளையாது, சணல் மாதிரி நாரில் நெய்த உடுப்பின்மேல் கிடைத்த கந்தலையெல்லாம் தலைமுறை தலைமுறையாக வைத்துத் தைத்தார்கள். உங்களுடையது அந்த வகை என்றால், தையல் ஒவ்வொன்றும் குளிருக்காகப் போட்டது. வெயில் படாத சுவராகப் பார்த்து மாட்டுங்கள்.

இதை எளிமை, ஏழ்மை என்று ரொம்ப உருகவும் வேண்டாம். ரிக்யூ சாகாய் துறைமுகத்து வியாபாரி வீட்டுப் பிள்ளை. அவர் தேநீர் ஆசானாக இருந்தது அன்றைக்கு ஜப்பானை ஆட்டிவைத்த தோயோதோமி ஹிதேயோஷியிடம். அந்த மனிதர் 1586இல் பொன் இழைத்த தேநீர் அறை ஒன்றைப் பேரரசரின் அரண்மனைக்குள் கொண்டுபோய்ப் பாகம் பாகமாகச் சேர்த்து நிறுத்திக் காட்டியவர். (ரிக்யூவை வயிற்றைக் கிழித்துக்கொள்ளச் சொன்னதும் அவரேதான், அது வேறு கதை.) கோணல் கிண்ணத்துக்கு அன்றைக்கே விலை எகிறியது, இன்றைக்கும் அப்படித்தான், அதனால் போலியும் மலிந்து கிடக்கிறது. பொன்பூசி ஒட்டிய கோப்பைகளை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். அசல் வேலை உருஷி மரப்பாலில் செய்வது. அது இறுக ஈரக்காற்று வேண்டும், ஒரு கோப்பை முடிய வாரக்கணக்கில் ஆகும். மலிவாக வருவது பெரும்பாலும் எபாக்சி பசையும் பித்தளைப் பொடியும். நல்ல கோப்பையை வேண்டுமென்றே உடைத்து ஒட்டி விற்பவர்களும் உண்டு, எனக்கு அது அருவருப்பாகவே இருக்கிறது. எது எப்படியோ, எதில் ஒட்டினது என்று தெரியாத கோப்பையில் சூடாக எதையும் ஊற்றிக் குடிக்காதீர்கள்.

அம்மா சொல்வதை முழுசாகத் தள்ளாதீர்கள். சாப்பிடுகிற பாத்திரத்தில் விரிசல் இருந்தால் அழுக்கு தங்கும், அந்த அளவுக்கு அவர் சொல்வது சரி. பூ வைக்கிற பாத்திரத்துக்கு ரிக்யூ பதில் சொல்லியிருக்கிறார். 1590இல் ஒதவாரா கோட்டை முற்றுகைக்கு ஹிதேயோஷியோடு போன இடத்தில், நிராயாமா என்ற ஊர் மூங்கிலை வெட்டிப் பூக்குழல் செய்தார். ஒன்ஜோஜி என்று அதற்குப் பெயர். முன்பக்கமே விரிசல், தண்ணீர் கசிந்து பாயை நனைக்கும். விருந்தாளி ஒருவர் சுட்டிக்காட்ட, கசிவதில்தான் இதன் உயிரே இருக்கிறது என்றாராம். உஎனோவில் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. எப்போதும் வெளியே வைத்திருக்க மாட்டார்கள், காட்சியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அம்மாவை அழைத்துப் போங்கள். அவர் அதற்கும் ஆகாது என்றுதான் சொல்வார், சொல்லட்டுமே.

கெட்டிலை அலங்காரமாக வைக்கவே கூடாது. மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே வழவழவென்று எனாமல் பூசியிருந்தால் அது தேயிலை ஊறவைக்கிற பாத்திரம், அடுப்பில் ஏற்றக்கூடாது. வெறும் இரும்பு என்றால் தினமும் தண்ணீர் காய்ச்சுங்கள். உள்ளே செந்துரு தெரிந்தால் தேய்த்துக் கழுவ வேண்டாம். தண்ணீர் தெளிவாக வந்தால் கவலையில்லை, சிவந்து வந்தால் கிரீன் டீ இலையைத் துணியில் முடிந்து போட்டுக் கொதிக்கவிடுங்கள், துரு கறுத்து அடங்கும். ஊற்றி முடித்ததும் மூடியைத் திறந்து அந்தச் சூட்டிலேயே காயவிடுங்கள். ஜூனில் மழைக்காலம் தொடங்கிவிடும், காயாமல் எடுத்துவைத்தால் கெட்டிலும் கெடும், பெட்டியும் பூஞ்சை பிடிக்கும்.

அப்புறம் அந்தச் சரசா. நடந்த விஷயம்தான் அது. நம் சோழமண்டலக் கரையில் சாயவேர் போட்டுச் சிவப்பேற்றிய துணி டச்சுக் கப்பல்களில் நாகசாகிக்குப் போனது. தேநீர்க்காரர்கள் அதைத் துண்டுதுண்டாக வெட்டித் தேயிலைத்தூள் குப்பிக்குப் பை தைத்தார்கள், கையகலத் துண்டைக்கூடப் பொத்திப் பாதுகாத்தார்கள். ஆனால் ஜப்பானிலேயே வடிவம் வெட்டிய அச்சுக்காகிதம் வைத்து நிறம் போட்டு அதே மாதிரி நிறையச் செய்தார்கள். துணியைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். சிவப்பு நூலுக்குள் இறங்கிப் பின்னாலும் தெரிந்தால் நம்மூர்த் துணியாக இருக்க இடமுண்டு. மேலோடு நின்றுவிட்டால் அநேகமாக இங்கே செய்தது, அதுவும் மோசமில்லை. 200 வருடம் என்பதைக் கடைக்காரர் பேச்சை வைத்து நம்பாதீர்கள். எதுவானாலும் துவைத்துவிடாதீர்கள்.