நன்றாகப் பேசும் பிள்ளைக்கு லா சரியா? சிவில் வழக்கு நடத்தும் வக்கீல் வேலை பற்றிப் பெற்றோருக்கு

"எங்க பொண்ணு வீட்டுல எல்லாத்துக்கும் எதிர்வாதம் பண்ணுவா, லாவுல சேர்த்துடலாமா?" பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாட்களில் சென்னைப் பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி இது. பேச்சை வைத்து இந்தத் தொழிலை அளக்காதீர்கள். சொத்து, உயில், விபத்து, மருத்துவக் கவனக்குறைவு, தனிமனித அந்தரங்கம் ஆகிய வழக்குகளைச் சாட்சி விசாரணை வரை நடத்தும் வக்கீலின் வாரத்தில், நீதிபதி முன்னால் நின்று பேசும் நேரம் மிகக் குறைவு. மீதி நேரமெல்லாம் கேஸ் கட்டோடுதான் போகும்: பழைய பத்திரம், வில்லங்கச் சான்று, மருத்துவமனை கேஸ் ஷீட், வாட்ஸ்அப் உரையாடலின் பிரிண்ட். இவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, எந்தத் தாள் எதோடு முரண்படுகிறது என்று தேடும் பொறுமைதான் முதல் தகுதி.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் வீட்டின் தாய்ப்பத்திரத்தையும் அதற்குப் பிந்தைய ஆவணங்களையும் பிள்ளையிடம் கொடுங்கள். சொத்து யாரிடமிருந்து யாருக்கு, எந்தத் தேதியில், கிரயமாகவா செட்டில்மென்ட்டாகவா பாகப்பிரிவினையாகவா போனது என்பதை ஒரே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். சர்வே நம்பரும் நான்கு எல்லைகளும் எல்லாப் பத்திரத்திலும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் சலித்துவிட்டால் இந்தத் துறை வேண்டாம் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. ஆனால் "இந்த 1974 பத்திரத்துல ஒரு அடி குறையுதேப்பா" என்று ஓடி வந்தால், அந்தக் கண்ணுக்கு இங்கே வேலை இருக்கிறது.

முதலில் உயில். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, சென்னை நகருக்குள் எழுதிய உயிலுக்கும் நகரச் சொத்தைப் பற்றிய உயிலுக்கும் நெடுங்காலம் புரொபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) கட்டாயமாக இருந்தது. அதனால் இந்த ஊர் வக்கீல்களிடம் உயில் வழக்கில் தனித் தேர்ச்சி வளர்ந்தது. விதி தளர்ந்தாலும், தகராறு என்று வந்துவிட்டால் உயிலை நிரூபித்தே ஆக வேண்டும். உயர் நீதிமன்றத்தில் புரொபேட் மனு ஓ.பி. (ஒரிஜினல் பெட்டிஷன்) ஆகத் தாக்கலாகும். குடும்பத்தில் ஒருவர் கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்ற மனு) போட்டு எதிர்த்தால் அதுவே டி.ஓ.எஸ். என்ற உயில் வழக்காக மாறி, முழு விசாரணைக்குப் போகும்.

உயிலில் குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். எழுதியவர் கையெழுத்துப் போட்டதைச் சாட்சி பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்து" என்று அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். சாட்சியும் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். இருவரில் ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும் என்பது இப்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 67ஆம் பிரிவில் இருக்கிறது. இந்த இடத்தில்தான் ஜூனியர்கள் சறுக்குவார்கள். சாட்சி கோர்ட்டில் எழுத்தாகத் தரும் நிரூபண வாக்குமூலத்தில் "நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்" என்று மட்டும் எழுதி, எழுதியவர் கையெழுத்திட்டதை இவர் பார்த்ததையும், இவர் கையெழுத்திட்டபோது அவர் உடனிருந்ததையும் விட்டுவிடுவார்கள். அந்த ஒரு வரி விடுபட்டதால் உண்மையான உயில்கூடத் தோற்கலாம். "ரிஜிஸ்டர் பண்ணியாச்சே" என்று குடும்பம் நிம்மதியாக இருக்கும். பதிவு செய்த உயிலையும் இதே முறையில்தான் நிரூபிக்க வேண்டும்.

எதிர்த்தரப்பின் வேலை சந்தேகத்துக்குரிய சூழ்நிலைகளைத் தேடுவது. இதற்கான அடிப்படையை உச்ச நீதிமன்றம் 1959இலேயே வகுத்தது. முழுச் சொத்தையும் பெறுகிற மகனே உயிலை எழுத ஏற்பாடு செய்தாரா? பேங்கில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அப்பா உயிலில் மட்டும் கைநாட்டு ஏன்? பராமரித்த மகளுக்கு ஒன்றும் இல்லாததற்கு உயிலில் காரணம் உண்டா? குறுக்கு விசாரணை என்றால் கத்துவது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நல்ல குறுக்கு விசாரணை சின்னக் கேள்விகளால் ஆனது. உங்களை யார் கூப்பிட்டார்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள், அவர் கட்டிலில் இருந்தாரா நாற்காலியிலா, கண்ணாடி போட்டிருந்தாரா, அடுத்த சாட்சி எப்போது வந்தார். அன்று அவர் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்ததைக் காட்டும் டிஸ்சார்ஜ் சம்மரி வக்கீலின் கையில் இருந்தால், குரலை உயர்த்தவே தேவையில்லை. "ஏன்" என்று மட்டும் கேட்கக் கூடாது. சாட்சி தன் கதையை முழுதாகச் சொல்லி, ஓட்டையை அவரே அடைத்துவிடுவார்.

பாகப்பிரிவினை வழக்கில் மூன்று ஆண்டு எண்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும். பூர்விகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு சட்டம் திருத்திய 1989, மத்திய அரசு திருத்திய 2005, பிறப்பாலேயே அந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய 2020. 1989 மார்ச் 25க்கு முன்பே கல்யாணமான மகளுக்குத் தமிழ்நாட்டுத் திருத்தம் பயன்படாது, 2005 திருத்தம் பயன்படும். இது புரியாமல் பிராது (வழக்கு மனு) எழுதினால் முதல் பக்கத்திலேயே வழக்கு கோணும்.

கோர்ட் ஃபீஸும் அப்படித்தான். சொத்தில் கூட்டு அனுபவத்தில் இருக்கிறேன் என்றால் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 37(2) பிரிவின்படி நிலையான சிறு தொகை போதும். என்னை வெளியேற்றிவிட்டார்கள் என்றால் 37(1)இன்படி பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம். 40 லட்ச ரூபாய் பங்குக்கு அது 1 லட்சத்து 20 ஆயிரம். எது பொருந்தும் என்பதைப் பிராதில் எழுதும் வாசகமே முடிவு செய்யும். தவறினால் மனுக்களைச் சரிபார்க்கும் கோர்ட் அலுவலகமான செக்‌ஷனிலிருந்து காகிதம் ரிட்டர்ன் ஆகும், சரிசெய்து திரும்பப் போட வேண்டும். ஜூனியரின் முதல் ஆண்டில் பெரும்பகுதி எஸ்.ஆர். நம்பருக்கும் (தாக்கலானதும் தரும் தற்காலிக எண்) வழக்கு எண்ணுக்கும் இடையிலான இந்த நடையில்தான் போகும். வெட்கப்பட ஒன்றுமில்லை, கற்றுக்கொள்ளும் இடமே அதுதான். செக்‌ஷனில் எது எங்கே நிற்கிறது என்பதை அனுபவமுள்ள ஒரு குமாஸ்தா சொல்லித் தருகிற அளவுக்குக் கல்லூரி சொல்லித் தராது.

கவனக்குறைவு வழக்குகளில் கணக்கு வரும். கணக்குப் பிடிக்காததால் லா எடுக்கிறேன் என்கிற பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லுங்கள். சாலை விபத்தில் இறந்தவருக்கு 32 வயது, சொந்தத் தொழில், மாத வருமானம் 20,000 ரூபாய், நம்பியிருப்பவர்கள் மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என்று வைத்துக்கொள்வோம். சுயதொழில், 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் கூட்டினால் 28,000. நம்பியிருப்பவர் நால்வர் என்பதால் சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. 31 முதல் 35 வயதுக்கான பெருக்கல் எண் 16. ஆக 40,32,000 ரூபாய். இதற்கு மேல் இறுதிச் சடங்குச் செலவு, உறவின் இழப்பு போன்ற தலைப்புகள் சேரும். உச்ச நீதிமன்றத்தின் 2009, 2017 தீர்ப்புகள் கொடுத்த கணக்குமுறை இது.

சூத்திரம் எல்லோருக்கும் ஒன்றுதான். தொகை குறைவது பெரும்பாலும் வருமானச் சான்று இல்லாததால். ஜி.எஸ்.டி. பதிவு, பேங்க் ஸ்டேட்மென்ட், சரக்கு வாங்கிய பில் என்று தேடி எடுக்கத் தெரிந்த வக்கீல் அதே குடும்பத்துக்குப் பல லட்சம் கூடுதலாக வாங்கித் தருவார். சென்னையில் இவை சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இயங்கும் தீர்ப்பாயத்தில் நடக்கின்றன. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரல் 1 முதல் சட்டத்தில் இருக்கிறது. இன்னொன்றையும் பிள்ளை இப்போதே மனதில் வைக்க வேண்டும்: வரும் இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுவதைப் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. அப்படி நடக்கும் அலுவலகத்தில் தொழில் பழகினால், கெட்ட பழக்கத்தோடுதான் வெளியே வருவாள்.

மருத்துவக் கவனக்குறைவு இன்னும் கடினம். சிகிச்சை பலிக்கவில்லை என்பது மட்டும் தவறாகாது. அந்தத் துறையில் சாதாரணத் திறமையுள்ள மருத்துவர் செய்திருக்க வேண்டியதை இவர் செய்யவில்லை என்று காட்ட வேண்டும். முதல் வேலை எழுத்துமூலம் கேஸ் ஷீட் கேட்பது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதி. கிடைத்ததும் நர்ஸ் குறிப்பின் நேரத்தையும் அனஸ்தீசியா சார்ட்டின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டுகள்தான் கெடு. ஒரு மருத்துவருக்கு எதிராக இன்னொரு மருத்துவர் கருத்துத் தர முன்வருவது அரிது. பல வழக்குகள் அங்கேயே நின்றுபோகின்றன. ஆவணம் பேசினால் நிலைமை மாறும். சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு உரிய காலத்தில் கண் பரிசோதனை செய்யச் சொல்லாததால் பார்வை போன வழக்கில், உச்ச நீதிமன்றம் 2015இல் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. குழந்தை பிறந்தது 1996இல். இந்தத் தொழிலில் ஒரு வழக்கு எத்தனை காலம் கூடவே வரும் என்பதையும் 1996, 2015 என்ற அந்த இரண்டு எண்களே காட்டும்.

அந்தரங்க உரிமை வழக்குகள் புதியவை என்று பலர் நினைத்தாலும், இதன் முக்கியமான தொடக்கம் ஒன்று தமிழ்நாட்டில்தான். ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடுவது தொடர்பான வழக்கில், தன்னைத் தனியே விட்டுவிடச் சொல்லும் உரிமை மனிதனுக்கு உண்டு என்று 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அதை அடிப்படை உரிமை என்று உறுதி செய்தார்கள். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் அபராதம் 250 கோடி வரை போகலாம். ஆனால் அந்தப் பணம் அரசுக்குப் போகும், தரவைப் பறிகொடுத்தவருக்கு அந்தச் சட்டத்தில் இழப்பீடு இல்லை. ஆகவே பாதிக்கப்பட்டவருக்குப் பணம் வாங்கித் தர எந்த வழியில் போவது என்று யோசிக்கும் வக்கீலுக்கு இனி வேலை நிறைய.

குடும்ப வழக்குகளில் இது இன்னும் நெருக்கமானது. துணையின் அந்தரங்கத்தை மீறி எடுத்த போன் விவரங்களைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024இல் சொன்னது. கணவன் மனைவிக்கு இடையே ரகசியமாகப் பதிவான உரையாடலைத் திருமண வழக்கில் ஏற்கலாம் என்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025இல் சொன்னது. ஒரே ஆண்டுக்குள் இவ்வளவு நகரும் துறையில், கல்லூரி நோட்ஸை நம்பி இருக்க முடியாது. ஸ்கிரீன்ஷாட் தாக்கல் செய்தால் சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழும், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் வேண்டும் என்பதை மறந்து, நல்ல ஆதாரத்தை வீணாக்குவது இன்றும் நடக்கிறது. கம்ப்யூட்டரில் ஈடுபாடுள்ள பிள்ளைக்கு இது நல்ல வாசல்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாக. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் ஐந்தாண்டுப் படிப்புக்குச் சேர்க்கிறது, நுழைவுத் தேர்வு கிடையாது. திருச்சி உள்ளிட்ட தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பட்டம் முடித்தவர்களுக்கு மூன்றாண்டுப் படிப்பும் உண்டு. சிவில் வழக்கு நடத்த விரும்பினால், கல்லூரியின் பெயரைவிடத் தமிழில் பழைய பத்திரம் வாசிக்கவும் ஆங்கிலத்தில் பிழையில்லாமல் பிராது எழுதவும் தெரிவது முக்கியம். இரண்டும் வேண்டும், ஒன்று போதாது.

பணத்தைப் பற்றி நேராகவே சொல்லிவிட வேண்டும். ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிறகு குறைந்தது மூன்று ஆண்டுகள் வீட்டின் ஆதரவு தேவைப்படும். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய் தர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. எல்லா அலுவலகமும் தருவதில்லை, சேரும்போதே கேளுங்கள். வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது என்பதால் வளர்ச்சி வாய்வழியாகத்தான் வரும், மெதுவாகத்தான் வரும். இந்தக் காலம் வீண் போகாது. சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று ஆண்டுத் தொழில் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மீண்டும் கட்டாயமாக்கியது.

சீனியரைத் தேர்ந்தெடுக்கும்போது பேரைப் பார்க்காதீர்கள், அவர் அலுவலகத்தில் சாட்சி விசாரணை நடக்கிறதா என்று பாருங்கள். சாட்சி விசாரணை பெரும்பாலும் தேவைப்படாத ரிட் மனுக்கள் மட்டும் செய்யும் பெரிய அலுவலகத்தில் ஐந்து ஆண்டு இருந்தும் ஒரு சாட்சியையும் விசாரிக்காதவர்கள் உண்டு. தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு அலுவலகங்களில் மாலை வேலை இரவு ஒன்பது வரை போகலாம். மகளை அனுப்பும் வீட்டார், அங்கே வேறு பெண் ஜூனியர்கள் இருக்கிறார்களா, கழிப்பறை இருக்கிறதா, எத்தனை மணிக்கு அனுப்புவார்கள் என்று தயங்காமல் கேட்க வேண்டும். நல்ல சீனியர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு வேலைநாள் காலையில் மகளைப் பாரிமுனைக்கு அழைத்துப் போங்கள். அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிட்டி சிவில் கோர்ட்டில் 10.30க்கு முன் போய், சாட்சி விசாரணை போட்டிருக்கும் கோர்ட் ஹாலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, போனை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்காருங்கள். பல வழக்குகள் வாய்தாவில் போகும், அதையும் அவள் பார்க்கட்டும். மதிய இடைவேளையில் வெளியே வந்ததும் என்ன பார்த்தாய் என்று மட்டும் கேளுங்கள். கறுப்பு கவுனைப் பற்றிப் பேசினால் இன்னொரு நாளும் அழைத்துப் போங்கள். எந்த ஆவணத்தைக் காட்டியதும் சாட்சி தடுமாறினார் என்று சொன்னால், விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கலாம்.