வெள்ளிக்கிழமைப் பையை வீட்டில் வையுங்கள்

கேள்வி: நான் யாழ்ப்பாணம், கொக்குவிலைச் சேர்ந்தவள். வயது 26. அரச திணைக்களம் ஒன்றில் நியமனம் கிடைத்து மட்டக்களப்புக்கு வந்து நாலு கிழமை ஆகிறது. கல்லடியில் ஓர் அம்மாவின் வீட்டு மேல்மாடியில் அறை எடுத்திருக்கிறேன். கந்தோரில் எல்லோரும் மரியாதையாகத்தான் நடக்கிறார்கள், ஆனால் ஒட்டவில்லை. நான் வாய் திறந்தால் என் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். வீட்டுக்கார அம்மா எங்கே போகிறேன், யாரோடு போனில் கதைத்தேன் என்று எல்லாம் கேட்கிறார். அறைக்குள் இரவிலும் அனல். ஒவ்வொரு வெள்ளியும் ஊருக்குப் பஸ் ஏறி ஞாயிறு இரவு திரும்பி வருகிறேன். "மட்டக்களப்பில் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள், கவனம்" என்று அம்மா வேறு பயப்படுத்துகிறார். இடமாற்றத்துக்கு இப்போதே எழுதிப்போடட்டுமா?
— ச., கல்லடி

பதில்: அன்புத் தங்கச்சி, இடமாற்றக் கடிதத்தை இப்போதைக்கு எழுத வேண்டாம். நாலு கிழமை மட்டக்களப்பில் இருந்ததாக எழுதுகிறீர்கள். கணக்குப் பார்த்தால் கந்தோரில் இருந்திருக்கிறீர்கள், அறையில் படுத்திருக்கிறீர்கள், மிச்ச நேரம் பஸ்ஸில் இருந்திருக்கிறீர்கள். ஊரை இன்னும் பார்க்கவே இல்லையே!

கந்தோர்க்காரர் ஏன் ஒட்டவில்லை என்பதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை நீங்கள் பெரிய பையோடு வந்து அதை மேசைக்கடியில் வைப்பீர்கள், இல்லையா? மூன்று மணிக்குப் பிறகு கண் மணிக்கூட்டில் இருக்கும். பக்கத்து மேசைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். வடக்கிலிருந்து நியமனத்தில் வருகிறவர் இரண்டு வருடத்தில் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்பது இங்கே பலரும் கண்டு சலித்த சங்கதி. அந்தப் பை அதைத்தான் ஒவ்வொரு கிழமையும் நினைவுபடுத்துகிறது. போகப்போகிற ஆளைச் சனிக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட யாருக்கு மனம் வரும்?

அதனால் அடுத்த மூன்று நாலு வெள்ளிக்கிழமைகளுக்குப் பையை அறையிலேயே வையுங்கள். முதல் சனிக்கிழமை கஷ்டமாகத்தான் இருக்கும், பத்து மணிக்கே வீட்டு நினைப்பு வந்துவிடும். அப்போது அறையில் இருக்காதீர்கள். கல்முனைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கும் தெரு வந்ததும் இறங்குங்கள். அதுதான் காத்தான்குடி. வாளி, விரிப்பு, தலையணை உறை, அறைக்கு வேண்டிய எல்லாம் அந்த ஒரே தெருவில் வாங்கலாம். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் மட்டும் போகாதீர்கள், முஸ்லிம் ஊர், ஜும்ஆத் தொழுகை நேரம் கடைகள் சாத்தியிருக்கும். கொக்குவிலில் இருந்து சாமான் காவி வருவதை நிறுத்துங்கள். ஒரு வாளியை இங்கே வாங்கினால் அதற்கு ஒரு கடைக்காரரும் கிடைப்பார். அடுத்த தடவை அவர் உங்களைக் கண்டு தலையாட்டுவார். புது ஊரில் முதல் மாதத்துக்கு அப்படி நாலைந்து பேர் போதும். சிநேகிதம் பிறகு தானாக வரும்.

பின்னேரம் பழைய கல்லடிப் பாலத்தில் நடந்து பாருங்கள். 1924இல் கட்டியது. 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்த பிறகு பழையதில் அவசரம் குறைந்துவிட்டது. நிலா இரவில் வாவித் தண்ணீருக்குள் கேட்கும் என்கிற பாடும் மீனைக் கேட்கவென்று இப்போதே தோணி தேடாதீர்கள், அது விருந்தாளிகள் செய்கிற வேலை. யாராவது கந்தோர்த் தங்கச்சி ஒரு பறுவத்துக்குக் கூட்டிக்கொண்டு போவாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வாவிக்கு அந்தப்புறம் இருக்கிறது, படுவான்கரை. கந்தோரில் அந்தப் பக்கத்துக்காரர் ஒருவராவது இருப்பார். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்கு எப்படிப் போவது என்று அவரிடம் கேளுங்கள். 2014இல் மண்முனைப் பாலம் வந்த பிறகு படகுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வழி சொல்கிறவர் பாதி நேரம் தானும் வருகிறேன் என்பார், அல்லது "அங்கதான் எங்கட மாமி வீடு" என்பார். மாமி வீட்டில் மண்சட்டியில் தயிர் இருக்கும். கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும், அவ்வளவு கட்டி. போதும் என்றாலும் விடமாட்டார்கள். வயிற்றில் இடம் வைத்துக்கொண்டு போங்கள்.

பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்கிறீர்கள். சிரிக்கட்டும். அவர்கள் "மறுகா வாங்க" என்றும் "அந்தச் சந்தியில கிறுகுங்க" என்றும் சொல்லும்போது நீங்களும் உள்ளுக்குள் சிரித்திருப்பீர்கள்தானே? ஒன்றே ஒன்று: "எங்கட யாழ்ப்பாணத்தில் இப்படி இல்லை" என்று தொடங்கும் வசனத்தைக் கொஞ்ச நாளைக்கு வாயில் எடுக்காதீர்கள். கறியைப் பற்றி என்றாலும் சரி, கோப்பைப் பற்றி என்றாலும் சரி. அந்த வசனத்துக்கு இங்கே பழைய கசப்பு ஒன்று உண்டு. நீங்கள் சாதாரணமாகச் சொன்னாலும் அவர்கள் காதில் வேறு மாதிரி விழும்.

சரி, வீட்டுக்கார அம்மாவுக்கு வருவோம். இந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். கலியாணத்துக்கு வீட்டை மகளுக்குக் கொடுப்பார்கள், மருமகன் வந்து குடியிருப்பார். ஆகவே அந்த வீடு அநேகமாக அவருடைய சொந்தப் பேரில் இருக்கும். இடமும் வலமும் அவருடைய அக்கா தங்கச்சிமார், மகள்மார் இருப்பார்கள். அவரிடம் ஒன்று சொன்னால் ஒழுங்கை முழுக்கத் தெரியும். அது தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் நடு இரவில் காய்ச்சல் வந்தால் போதனா வைத்தியசாலைக்கு ஆட்டோ பிடித்துக் கூடவே வந்திருப்பதும் அதே ஒழுங்கைதான்.

அவர் கேட்கும் முன்னரே நீங்கள் சொல்லிவிடுங்கள். "அன்ரி, இன்றைக்குக் கூட்டம் இருக்கு, ஏழு மணியாகும்" என்றால் கேள்வி பாதியாகக் குறையும். போன் பேச்சைப் பற்றிக் கேட்டால் "சிநேகிதி" என்று சொல்லி நிறுத்துங்கள், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அறைக் கதவுக்குச் சாவி உங்களிடம் இருக்க வேண்டும். நீங்கள் இல்லாத நேரம் யாரும் திறக்கக்கூடாது. இதை மட்டும் முகத்தைப் பார்த்துத் தெளிவாகக் கேளுங்கள். கல்லடியில் இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: சுனாமி அள்ளிக்கொண்டு போன கரை அது. டிசம்பர் 26 நெருங்கும்போது அந்த வீட்டில் பேச்சுக் குறைந்தால் என்ன ஏதென்று துருவாதீர்கள்.

அம்மாவின் பாய்க் கதைக்கு வருகிறேன். அது ஆம்பிளைப் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை! உத்தியோகத்துக்கு வந்தவன் இங்கேயே கலியாணம் கட்டி நின்றுவிட்டால் ஊரில் மந்திரம் மாயம் என்பார்கள். பெண்ணோடு வீடும் வயலும் வந்தால் எவன் திரும்பிப் போவான், அதற்கு எதற்கு மந்திரம்? அம்மாவின் உண்மையான பயம் மகள் தனியாக இருக்கிறாள் என்பது. அதற்கு மருந்து, இரண்டு அம்மாமாரையும் போனில் கதைக்க விடுவதுதான். நடுவில் நீங்கள் நிற்க வேண்டாம். உங்களைப் பற்றி முறைப்பாடு பரிமாறிக்கொள்வார்கள், பரவாயில்லை.

அனல் கொஞ்ச நாளில் போய்விடும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்காற்றாக இங்கே இறங்கும் கச்சான் காற்றுத்தான் இந்த அனல். ஆவணி தாண்டினால் அடங்கிவிடும். அதுவரை மேற்குப் பக்க யன்னலைப் பகலில் சாத்தி ஒரு துணி போட்டுவிட்டுப் போங்கள், பொழுதுபட்டதும் கடல் பக்கத்தைத் திறவுங்கள். நுளம்புவலை கட்டாயம். நவம்பரில் மாரி தொடங்கும் முன், ஒழுங்கையில் எதுவரை வெள்ளம் நிற்கும் என்று கேட்டு வையுங்கள். மேல்மாடியில் நீங்கள் நனையமாட்டீர்கள், ஆனால் கீழே நிறுத்தும் ஸ்கூட்டி நனையும்.

இடமாற்றத்தைத் தை மாதம் யோசியுங்கள். அப்போதும் போகத்தான் வேண்டும் என்று பட்டால் கூச்சப்படாமல் எழுதுங்கள், வீட்டுக்குக் கிட்ட வேலை பார்க்க ஆசைப்படுவதில் குற்றம் ஒன்றும் இல்லை. அதற்கு முன், மழைக்கு முதல் ஒரு சனி ஞாயிறுக்கு அம்மாவை இங்கே கூப்பிடுங்கள். ரயில் என்றால் மாகோவில் மாற வேண்டும், அந்த வயதில் அதுவும் அலைச்சல். இரவு பஸ்ஸில் முன் இருக்கை பதிந்து கொடுங்கள். வந்ததும் வீட்டுக்கார அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு நீங்கள் சந்தைக்குப் போய் நல்ல நண்டாகப் பார்த்து வாங்கி வாருங்கள்.